ரெண்டு கேட்டுக்கு நடுவுல மூணு நாள்

உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், கிரீஸ் இருக்குது, வேட்டி போயிரும். இப்படிப் பெஞ்சுக்கு வந்துருங்க. உங்க ஸ்கூட்டரைத் தொட இன்னும் அரை மணி நேரமாச்சும் ஆகுமுங்க. ரபீக்கு இப்பத்தான் எங்க வண்டியை எடுத்துட்டு ஓட்டிப் பாக்கப் போயிருக்கறான். நீங்க உள்ள வர்றப்ப ஒரு பெரிய பைக்கு வெளிய போச்சே, பெட்டியில வரிசையா கொடி ஒட்டிட்டு, அதுதான்.

நெசந்தானுங்க. ஆறு நாடு. மொம்பாசாத் துறைமுகத்துல வண்டியை எறக்கி, ஆப்பிரிக்காவோட தெக்கு நுனி வரைக்கும். ஒம்பதாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர்.

ஓட்டுனது யாருன்னு கேக்கறீங்க பாத்தீங்களா. எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க. ஓட்டுனது எங்க ஊட்டுக்காரி, திலகமணி. கேர்ள்ஸ் ஹைஸ்கூல்ல பி.டி. டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவ. இந்தக் கோபியில பாதிப் பொண்ணுங்க அவ விசிலுக்கு ஓடுனவங்கதான். நான் பின்னாடி உக்காந்திருந்தேன். ஆனா ஓட்டறதுல என்னங்க இருக்குது? ரோடு இருக்குது, பெட்ரோலு இருக்குது, முறுக்குனா போகுது. நாட்டை விட்டு நாடு போறதுக்குப் பேப்பர் வேணும். விசா, வண்டி புக்கு, ஊசி போட்ட அட்டை, இன்சூரன்சு. பேப்பரைப் பாத்தது நானு. முப்பத்தொரு வருசம் தாலுகா ஆபீசுங்க, சான்றிதழ் பிரிவு. பேரு நஞ்சப்பன். ஒருவேளை உங்களுக்கே இருப்பிடச் சான்று நான் குடுத்திருப்பேன். குடுக்காமத் திருப்பியும் அனுப்பியிருப்பேன்.

அப்படியாப்பட்ட என்னை, ரெண்டு நாட்டுக்கு நடுவுல, இந்த நாட்டுலயும் இல்லாம அந்த நாட்டுலயும் இல்லாம விட்டுட்டுப் போயிட்டாளுங்க அவ. அதைக்கூட நான் மன்னிச்சுட்டேன். திரும்பி வந்தா. வந்துட்டு ஒரு காரணம் சொன்னா பாருங்க, அதைத்தான் என்னால இன்னைக்கு வரைக்கும் சீரணிக்க முடியலை.

மொதல்ல நான் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு உங்களுக்குத் தெரியோணும். இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னாடி, அவ ஸ்கூல் கபடி டீமை நேபாளத்துக்குக் கூப்பிட்டிருந்தாங்க. கூட இவ போகோணும். அதுக்குன்னு இருப்பிடச் சான்று கேட்டு மனு போட்டா. மனு எங்கிட்டத்தான் வரும். பாத்தா, ரேஷன் கார்டுல பழைய கதவு நம்பரு, வீட்டு வரி ரசீதுல புதுக் கதவு நம்பரு. அப்ஜெக்‌ஷன் எழுதித் திருப்பி அனுப்பிட்டேன். எங்க வீட்டுக் கதவுதானுங்க. நான் தெனமும் தெறக்கற கதவு. எனக்குத் தெரியும். ஆனா பேப்பருக்குத் தெரியோணுமுல்ல? அவ நகராட்சிக்குப் போய் மாத்திட்டு வர்றதுக்குள்ள டீம் வேற டீச்சரோட போயிட்டு, கப்பு வாங்கிட்டுத் திரும்பியும் வந்துருச்சு. அன்னைக்கு எனக்குச் சோறு போட்டா, ஒரு வார்த்தை பேசலை. சரி, அவளுக்கும் ரூல் புரிஞ்சிருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

ரிட்டையர் ஆன மறுமாசம் இந்த வண்டியை வாங்குனா. ரபீக்கோட அக்கா இவகிட்டப் படிச்சது, அதனால இங்கயே கொண்டாந்து விட்டு என்னென்னமோ மாத்துனா. நான் எதுவும் கேட்டுக்கலை. ஒரு நாள் மத்தியானம் மோரு ஊத்தறப்ப சொல்றா, ஆப்பிரிக்கா போறேன்னு. எனக்கு ஒடனே தோணுனது ஒண்ணே ஒண்ணுதான். "பேப்பரெல்லாம் யாரு பாப்பா?"ன்னேன். அவ மோருச் சொம்பைப் புடிச்சுட்டு அப்படியே என்னையவே பாத்துட்டிருந்தா. ரொம்ப நேரம். சந்தோசத்துல வாயடைச்சுப் போச்சுங்க பாவம். அப்புறம், "சரி, வாங்க"ன்னா.

மூணு மாசம் தூங்கலைங்க நானு. நாலு ஃபைலு. ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி பொருளடக்கம். எல்லாத்துலயும் இருபத்திரண்டு செட்டு ஜெராக்ஸ், எல்லாம் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்தோட. போட்டோ தொண்ணூத்தாறு. எதையெல்லாம் லேமினேஷன் போட முடியுமோ அதையெல்லாம் லேமினேஷன். அங்க மழை, தூசி, வேர்வை, என்ன வேணும்னாலும் ஆகலாமுல்ல? அவ பேப்பரையும் கேட்டேன். பாஸ்போர்ட்டை மட்டும் குடுத்துட்டு, "மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்"ன்னு புடுங்கி வெச்சுக்கிட்டா. அவளோட மஞ்சக் காய்ச்சல் ஊசி அட்டையில மஞ்சப்பொடிக் கறையே இருந்துச்சுங்க. நாலா மடிச்சு மணிபர்சுல வெச்சிருந்தா.

மொத எல்லை. கவுண்டருல உக்காந்திருந்த ஆபீசரு பாஸ்போர்ட்டு கேட்டாரு. வெறும் பாஸ்போர்ட்டை நீட்டுனா நல்லாவா இருக்கும்? கவரிங் லெட்டரோட ஒரு செட்டு குடுத்தேன். பொருள், எல்லை கடக்க அனுமதி வேண்டுதல். பார்வை, ஒண்ணுலருந்து பதினொண்ணு வரைக்கும். இங்கிலீசுலதான், ஆனா நம்ம முறைப்படி. அவரு ஒவ்வொண்ணாப் படிச்சாரு. மனுசனை நான் பாராட்டறேன், ஒரு தாளு விடலை. கல்யாணச் சான்றிதழ், கரண்டு பில்லு, என் ஓய்வு ஆணை எல்லாம் படிச்சுட்டு, பட்டா நகலுக்கு வந்தப்ப நிமிந்து, "இங்க நிலம் வாங்கப் போறீங்களா?"ன்னாரு. இல்லைங்க, எங்க ஊர்ல ஏற்கெனவே இருக்குதுன்னேன். அப்ப இதை எதுக்குக் காட்டறீங்கன்னு இன்னொரு ஆபீசரைக் கூப்பிட்டாரு. அவரு மேலதிகாரியைக் கூப்பிட்டாரு. நாலரை மணி நேரம். மூணு ஆபீசரு ஒண்ணா உக்காந்து ஒரு நஞ்சப்பன் ஃபைலைப் பாக்கறாங்க. அந்தக் கௌரவமெல்லாம் ஓட்டறவங்களுக்குக் கிடைக்காதுங்க.

வெளிய வந்தா, இவ டீ விக்கற பொம்பளைங்ககூட உக்காந்து சிரிச்சுட்டிருக்கறா. அவங்க பாசையில பதினஞ்சு இருவது வார்த்தை கத்துக்கிட்டாளாம். நான் உள்ள மல்லுக்கட்டிட்டிருக்கேன், இவ வெளிய அரட்டை.

"ஏனுங்க, அடுத்த எல்லையில என் பாஸ்போர்ட்டை எங்கிட்டயே குடுத்துருங்க"ன்னா.

"எதுக்கு?"

"கை சும்மா இருக்குதுங்க."

சரி, அவளுக்கும் ஒரு வேலை வேணுமுல்லன்னு குடுத்துட்டேன்.

ரெண்டாவது எல்லையில ஃபாரத்துல தொழில்னு ஒரு கட்டம். அவ டீச்சர்னு எழுதுனா. பன்னெண்டு நிமிசத்துல சீல் போட்டு அனுப்பிட்டாங்க. அவளை ஒருத்தருமே ஒண்ணுமே கேக்கலைங்க, பாக்கவே சங்கடமா இருந்துச்சு. நான் கண்காணிப்பாளர், வருவாய்த் துறை, ஓய்வுன்னு முழுசா எழுதுனேன். அரசாங்க அதிகாரியான்னு ஒடனே எந்திரிச்சுட்டாங்க. அரசாங்க வேலையா வந்திருக்கறீங்களா, யாரு அனுப்புனாங்க, தூதரகக் கடுதாசி எங்கன்னு தனி ரூம்புல உக்கார வெச்சு ரெண்டு மணி நேரம். ஃபேன் போட்டாங்க. தண்ணி குடுத்தாங்க. கடைசியில ஓய்வுங்கற வார்த்தைக்கு நான் அர்த்தம் சொன்னதுக்கப்புறம் கொஞ்சம் முகம் வாடிருச்சு அவங்களுக்கு.

மூணாவதுல வண்டி புக்கு. கார்னேன்னு சொல்லுவாங்க, வண்டியோட பாஸ்போர்ட்டுன்னு வெச்சுக்குங்க. உள்ள போறப்ப ஒரு சீலு, வெளிய போறப்ப ஒரு சீலு. அந்தக் கிளார்க்கு சீலைக் கட்டத்துக்கு வெளிய ஒரு நூல் தள்ளிக் குத்திட்டாரு. விட முடியுமா? எடுத்துச் சொன்னேன். ரத்து செய்யப்பட்டதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு மறுபடி குத்தச் சொன்னேன். குத்துனாரு. குத்திட்டு, வண்டியில இருக்கற எல்லாப் பெட்டியையும் தெறன்னு சொல்லிட்டாரு. ஜட்டி பனியன் வரைக்கும் மேசை மேல பரத்தியாச்சு. திலகமணிதான் எல்லாத்தையும் மடிச்சு மடிச்சு உள்ள வெச்சா. நானே அவளைச் சமாதானப்படுத்துனேன், "பாரு, புக்கு இப்பச் சுத்தமா இருக்குது"ன்னு.

இப்ப நாலாவதுக்கு வர்றேன். எந்த எல்லைன்னு பேரு சொல்ல மாட்டேனுங்க. அங்க என் பேரு நோட்டுல ஏறியிருக்குது, எதுக்கு வம்பு.

எல்லைன்னா நம்ம மாவட்ட எல்லை மாதிரி பலகை வெச்சிருப்பாங்கன்னு நெனக்காதீங்க. இந்தப் பக்கம் ஒரு கேட்டு, அந்தப் பக்கம் ஒரு கேட்டு. நடுவுல ஒண்ணே கால் கிலோமீட்டரு பொட்டல். லாரிங்க வரிசையா நிக்கும், வாரக்கணக்கா. இந்தக் கேட்டுல வெளிய போறதுக்குச் சீல் குத்தியாச்சு, எங்க ரெண்டு பேருக்கும், வண்டிக்கும். அந்தக் கேட்டுக்குப் போனோம். மொதல்ல சுகாதாரக் கவுண்டரு. மஞ்சக் காய்ச்சல் அட்டை. அவ அந்தக் கறை புடிச்ச அட்டையை நீட்டுனா, அந்தம்மா பாத்துட்டு போன்னு தலையாட்டுனாங்க.

நான் என்னுதைக் குடுத்தேன். நாலு தகடு.

அட்டை புத்தகம் மாதிரி இருக்குமுங்க, மடிப்பா. அதை அப்படியே லேமினேஷன் போட்டா உள்பக்கம் தெரியாது. அதனால பின்னைக் கழட்டி, பக்கம் பக்கமாப் பிரிச்சு, தனித்தனியாப் போட்டிருந்தேன். ஓரமெல்லாம் ரவுண்டா வெட்டி. அந்தம்மா நாலு தகட்டையும் சீட்டுக்கட்டாட்டம் பரத்தி வெச்சுட்டு, நகத்துல சுரண்டிப் பாக்கறாங்க. சீல் கைக்குத் தட்டுப்படலை. எந்தப் பக்கம் எந்த ஆளோடதுன்னு எப்படித் தெரியும்னாங்க. பிரிச்ச அட்டை செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. அவங்க சொன்னது சரிதான். நானா இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். அப்பவே மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், இந்தம்மாவுக்கு வேலை தெரியுமுன்னு.

திரும்பிப் பழைய கேட்டுக்கு நடந்தேன். உன் விசா ஒரு தடவை உள்ள வர்றதுக்குத்தான், வந்தாச்சு, போயாச்சு, புதுசா எழுதிப் போடு, பதில் எப்ப வரும்னு சொல்ல முடியாதுன்னாங்க. அதுவும் சரிதான். விசா ஃபாரத்துல ஒரு தடவையா பல தடவையான்னு கேட்டிருந்தாங்க. நாந்தான் ஒரு தடவைன்னு குறிச்சேன். ஒழுக்கமான ஆளு ஒரு தடவைதானே போவான்? பல தடவைன்னு போட்டா நம்மளைப் பத்தி என்ன நெனப்பாங்க?

இவ வண்டிக்குப் பக்கத்துல நின்னுட்டிருந்தா. "இப்ப என்னங்க பண்றது?"ன்னா.

"என்ன பண்றது? ரூல் ரூல்தான். உன் பாஸ்போர்ட்டுலயும் வண்டி புக்குலயும் அந்த நாட்டுச் சீல் விழுந்தாச்சு. விழுந்ததுக்கப்புறம் நீ இங்க நிக்கக் கூடாது. நீ போ."

"போகட்டுங்களா?"

"போ."

போயிட்டாளுங்க.

நீங்களே சொல்லுங்க. கட்டுன புருசன் போன்னு சொன்னா போயிடறதா? ஒரு தடவை போன்னா, மாட்டேன்னு சொல்லோணும். ரெண்டாந்தடவை சொன்னா அழுகோணும். எங்க அக்காவெல்லாம் மாமன் போன்னு சொன்னா வாசப்படியைத் தாண்ட மாட்டா. இவ என் பிரஷர் மாத்திரை, தண்ணி பாட்டில் அஞ்சு, பிஸ்கட்டு, பேரீச்சம்பழம், தொப்பி, துண்டு, போர்வை எல்லாத்தையும் எறக்கி வெச்சா. அங்க டீ வித்துட்டிருந்த ஒரு அம்மாகிட்டப் போய் என்னைக் கைகாட்டி என்னமோ அவங்க பாசையில சொன்னா. எலியாஸ்னு ஒரு லாரி டிரைவர்கிட்டயும் சொன்னா. அப்புறம் கிளம்பிட்டா. அவ்வளவு அவசரம்.

நாலு ஃபைலும் நானும் ஒரு பக்கம். அவ ஒரு பக்கம்.

மொத நாள் தெம்பாத்தான் இருந்தேன். லாரிக்காரங்க ஃபாரம் வெச்சுட்டு முழிச்சுட்டிருந்தாங்க. கூப்பிட்டு எழுதிக் குடுத்தேன், என் கையெழுத்து அச்சாட்டம் இருக்கும். பத்துப் பேரு வரிசை கட்டிட்டாங்க. நல்லாத்தான் போச்சு. அப்புறம் சரிபாக்கலாம்னு ஏற்கெனவே எழுதுன ஃபாரத்தையெல்லாம் வாங்கிப் பாத்தா, ஒண்ணுகூட ஒழுங்கில்லைங்க. எடை ஒரு எடத்துல ஒரு மாதிரி, இன்னொரு எடத்துல இன்னொரு மாதிரி. சும்மா விட முடியுமா? சிவப்பு மையில சுழிச்சுத் திருப்பிக் குடுத்தேன். பதினேழு ஃபாரம். பொழுது சாயறதுக்குள்ள எல்லாரும் என் பக்கம் வர்றதை நிறுத்திட்டாங்க. எலியாஸ் மட்டும் தன் லாரியில எனக்குப் படுக்க எடம் குடுத்தான். உங்க சம்சாரம் சொல்லிட்டுப் போயிருக்காங்க, இல்லைன்னா நானும் குடுத்திருக்க மாட்டேன்னான்.

ரெண்டாவது நாளுதானுங்க கஷ்டம். போன் பேச முடியலை. அந்த ஊரு சிம்முக்குக் கைரேகை கேட்டாங்க, எதுக்குன்னு கேட்டுட்டு நான் வாங்காம விட்டிருந்தேன். சும்மா உக்காந்திருந்தேன். உக்காந்தா நெனப்பு ஓடுமுல்ல. அவ எதுக்குத் திரும்பி வரோணும்? வண்டி அவகிட்ட இருக்குது. தெக்கு நுனி அவ பக்கம் இருக்குது. அவளுக்குப் பாசை வருது, சிரிக்கத் தெரியுது, போற எடமெல்லாம் அவளுக்கு ஆளு கிடைக்குது. நான் என்னத்தைக் குடுத்தேன் அவளுக்கு? இருபத்திரண்டு செட்டு ஜெராக்ஸ். என் சீட்டுல நான் உக்காந்துட்டு மனுசங்களைத் திருப்பி அனுப்புனப்ப, அவங்கெல்லாம் எங்க போயி உக்காந்தாங்கன்னு நான் நெனச்சதே இல்லைங்க. இந்த மாதிரி ஒரு எடத்துலதான் உக்காந்திருப்பாங்க போல.

பயந்துட்டேனுங்க. அவ வரமாட்டான்னே முடிவு பண்ணிட்டேன். தொப்பியை மூஞ்சி மேல கவுத்துட்டு அழுதேன். அறுபத்தோரு வயசுல, ஒரு லாரிச் சக்கரத்துல சாஞ்சுட்டு. வெளிய சொன்னதில்லை, உங்ககிட்டச் சொல்றேன்.

மூணாவது நாள் காலையில ஒரு பத்தரை மணி இருக்கும். அந்தக் கேட்டுல வண்டிச் சத்தம். எனக்குத் தெரியுமுங்க அந்தச் சத்தம். அவதான். மேலெல்லாம் செம்மண்ணு, கண்ணு ரெண்டும் மட்டும் வெள்ளையாத் தெரியுது. கையில ஒரு கவரு.

என்ன பண்ணியிருக்கறான்னு கேளுங்க. நூத்தித் தொண்ணூறு கிலோமீட்டரு தள்ளி ஒரு டவுனு. அங்க போயி, நம்ம ஊர்ல ஊசி போடற சென்டர்ல வேலை பாக்கற நர்சுக்குப் போன் போட்டிருக்கறா. அது இவகிட்டக் கோகோ ஆடுன பொண்ணாம். நான் லேமினேஷன் போடறதுக்கு முந்தின நாளே என் அட்டையை இவ போன்ல படம் புடிச்சு வெச்சிருந்தாளாம். எதுக்குன்னு கேட்டேன், சும்மாத்தான்னா. அதுல இருந்த நம்பரைச் சொல்லி, அட்டைக்கு நகலும் ஒரு உறுதிக் கடுதாசியும் மெயில்ல வரவெச்சு, அங்க இருக்கற சுகாதார அதிகாரியைப் புடிச்சு, பாத்தேன் சரின்னு எழுதி சீல் வாங்கியாச்சு. அந்தக் கடுதாசியை நான் மூணு தடவை படிச்சேனுங்க. ஒரு அப்ஜெக்‌ஷன் எழுத முடியலை. சுகாதாரக் கவுண்டரு அந்தம்மா நாலு நிமிசத்துல என்னை உள்ள விட்டுட்டாங்க.

வெளிய வந்ததும் நான் கேட்டேன். கேக்காம இருந்திருக்கலாம். "ஏன் திலகா திரும்பி வந்தே?"ன்னேன்.

அவ ஹெல்மெட்டை மாட்டிட்டே சொல்றா. "வண்டி ஆடுதுங்க. பின்னாடி ஆளில்லாம நேரா நிக்க மாட்டேங்குது. ஏறுங்க."

கேட்டீங்களா? வண்டி ஆடுதாம். அதுக்காக வந்தாளாம். புருசன் ஒருத்தன் வெயில்ல கெடக்கறான்னு வரலை. முப்பத்தாறு வருசம் கூட இருந்தவன்னு வரலை. பின்னாடி வெயிட்டு வேணும்னு வந்திருக்கறா. நான் அழுத அழுகையெல்லாம் எதுக்குன்னு ஆயிப்போச்சுங்க. ஏறி உக்காந்தேன். வெயிட்டுன்னா வெயிட்டாவே இருந்துட்டுப் போறேன்னு, அன்னைக்கு முழுக்க ஒரு வார்த்தை பேசலை நானு.

அதுக்கப்புறம் ஒரு எல்லை தாண்டுனோம். என் பாஸ்போர்ட்டையும் அவளே வாங்கி வெச்சுக்கிட்டா. "நீங்க வண்டிகிட்ட நில்லுங்க"ன்னா. நின்னேன். இருபது நிமிசம். ஃபைலு பெட்டிக்குள்ள இருந்துச்சு, யாருமே கேக்கலை.

தெக்கு நுனியில ஒரு கல்லு நட்டிருக்கறாங்க, ரெண்டு கடலும் சேர்ற எடம்னு. அவ ஷூவைக் கழட்டிட்டுத் தண்ணிக்குள்ள காலை வெச்சா. சிரிச்சா பாருங்க ஒரு சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை நம்ம வீட்டுல நான் பாத்ததே இல்லைங்க. என்னையும் கூப்பிட்டா. ஷூவைப் பாத்துக்க ஆளு வேணுமுல்லன்னு நான் கரையிலயே நின்னுட்டேன். கோவம் போகலை எனக்கு.

இப்ப வந்து நாலு மாசமாச்சு. போன வாரம் சாப்பாட்டு மேசையில மறுபடியும் ஒரு மேப்பு. இந்தத் தடவை தென்னமெரிக்காவாம். என்னை வாங்கன்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. நானும் கேக்கலை. எனக்குப் போகோணும்னுதான் இருக்குது, ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது. ஆனா வெயிட்டாப் போக மாட்டேன். கூப்பிட்டா மனுசனாக் கூப்பிடோணும். அதனாலதான் ரபீக்குகிட்டக் கடுதாசி குடுத்திருக்கறேன். மூணு நகல். பொருள், வண்டி ஆடுதல். பார்வை, என் சம்சாரம் நேர்ல சொன்னது. தனியா ஓட்டுனா ஆடுது, ஆடாத மாதிரி சரி பண்ணிக் குடுன்னு. வெயிட்டுக்காக ஒருத்தனைக் கட்டி இழுத்துட்டுப் போற நெலமை அவளுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ஆட்டம் நின்னதுக்கப்புறமும் கூப்பிட்டாள்னா, அப்ப யோசிக்கலாம்.

இதா வந்துட்டான். ஏம்ப்பா ரபீக்கு, பாத்தியா? என்ன பண்ணோணுமாம்?

என்ன? ஆடலையா? நல்லா ஓட்டிப் பாத்தியா? சத்தி ரோட்டுல எம்பது வரைக்கும் போனியா? கையை விட்டும் பாத்தியா? ஆடவே இல்லையா?

அதெப்படி? கடுதாசியில எழுதியிருக்கறேன்ல.

இருங்க, இவன் என்னமோ சொல்றான். தனியா ஓட்டுனா ஆடவே ஆடாதாம். திலகமணி மொதல்ல இங்க கொண்டாந்து விட்டப்பவே, நான் ஒருத்திதான் போறேன், ஒருத்திக்கு ஏத்த மாதிரி பண்ணுன்னு சொல்லித்தான் பின்னாடி ஸ்பிரிங்கை லூசா வெக்கச் சொன்னாளாம். அதுல ரெண்டு பேரு உக்காந்தா வண்டி பின்னாடி எறங்கி, முன்னாடி தூக்கிரும், அப்பத்தான் ஹேண்டில் ஆடுமாம்.

ரெண்டு பேரு உக்காந்தாத்தானா?

எவ்வளவு தூரம் ஓட்டுனாளா? ஒம்பதாயிரத்து எண்ணூறுப்பா. அதுல நூத்தித் தொண்ணூறும் நூத்தித் தொண்ணூறும் கழிச்சுக்க. அது மட்டுந்தான் அவ தனியா ஓட்டுனது. ஆமா, மீதியெல்லாம் நான் பின்னாடி இருந்தேன். கையெல்லாம் கடுத்திருக்குமா? என்னத்தைச் சொல்லுவா, ஒண்ணும் சொல்லலை. சாயங்காலம் ஆனா மணிக்கட்டுல தைலம் தேச்சுக்குவா. வயசாச்சுன்னு நெனச்சேன்.

ஒருத்திதான் போறேன்னா சொன்னா? உங்கிட்ட? எப்ப? அந்த மோரு ஊத்துன நாளைக்கு முன்னாடியா?

முன்னாடிதானா.

ஒண்ணுமில்லைங்க. கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க.

அப்ப அந்த மூணாவது நாளு, எங்கிட்ட வர்ற வரைக்கும் வண்டி அம்பாட்டம் நேரா வந்திருக்குது. ஏறுங்கன்னு சொல்லி என்னை ஏத்துனதுக்கு அப்புறந்தான் ஆடியிருக்குது. அவளுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லியிருக்கறா. நானும் அன்னைக்கு முழுக்கப் பேசாம வந்திருக்கறேன் பாருங்க, மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு.

என்னப்பா கேக்கறே? ஸ்பிரிங்கை எப்படி வெக்கறதா? ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா. அந்தக் கடுதாசியைக் குடு மொதல்ல. மூணையும் குடு. ரெண்டு பேருக்கு வையின்னு நான் பாட்டுக்குச் சொல்லிடலாம். இத்தனை வருசமா அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன். வண்டி அவ வண்டி. இரு, போன் போட்டு அவளைக் கேக்கோணும்.

திலகா. ஆமா, ரபீக்கு கடையிலதான். ஒண்ணுமில்லை. ஸ்பிரிங்கை ஒருத்தருக்கு வெக்கறதா, ரெண்டு பேருக்கு வெக்கறதான்னு கேக்கறான். ஆமா. சொல்லிட்டான். எல்லாம் சொல்லிட்டான்.

ஹலோ. திலகா, இருக்கறியா?

சரி. சரி. அப்படியே சொல்றேன்.

ரபீக்கு, எழுதிக்க. அவளுக்கு அம்பத்தெட்டு கிலோ. பின்னாடி எழுபத்தாறு கிலோவுக்கு வெக்கச் சொல்றா.

எழுபத்தாறு என் வெயிட்டுங்க. எல்லா ஃபாரத்துலயும் எழுபத்திரண்டுன்னுதான் நான் எழுதியிருக்கறேன். அவ சொன்னதையே எழுதிக்கப்பா.